தாஜ்மகாலுக்கு முன்னால் நின்றவர்

அந்த இடத்தில் உட்காராதீர்கள். ஆள் இருக்கிறது.

இல்லை, இல்லை, உட்காருங்கள். ஆள் இல்லை. இருந்தான். நாக்பூர் வரைக்கும் இருந்தான். இப்போது அந்தக் கோடியில், கக்கூஸ் பக்கத்து வாசலில் பேப்பரை விரித்து உட்கார்ந்திருக்கிறான் பாருங்கள், தலையில் துண்டு, மடியில் ரெக்ஸின் பை, அவன்தான். பார்க்காதீர்கள். பார்த்தால் நான்தான் பார்க்கச் சொன்னேன் என்று நினைத்துக்கொள்வான்.

விழுப்புரத்தில் ஏறினீர்களா? எதுவரைக்கும்? மதுரையா, நல்லது. திண்டுக்கல் தாண்டித்தான் இறங்குவீர்கள். எனக்குத் திண்டுக்கல் வரைக்கும் ஒரு நடுநிலையான ஆள் வேண்டும். உங்கள் முகத்தைப் பார்த்தால் நடுநிலையாகத்தான் தெரிகிறது. தோழர் என்று கூப்பிடலாமா? சார் என்பது எனக்கு வராது. முப்பது வருஷம் மில்லில் வேலை பார்த்தேன், மேனேஜரையே சார் என்று கூப்பிட்டதில்லை. நான் ‘மேனேஜர்’ என்பேன், அவர் ‘ஆவுடையப்பன்’ என்பார். மரியாதை சரிக்குச் சரி.

ஆமாம், ஆவுடையப்பன்தான் என் பெயர். கோவில்பட்டி. பஞ்சாலைத் தொழிலாளர் சங்கத் தலைவர். முன்னாள் அல்ல, இந்நாள். மில் மூடிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. மில்லைத்தான் மூடினார்கள், சங்கத்தை மூடவில்லை. இன்றைக்கும் மாதம் ஒரு செயற்குழு, தவறாமல் நடக்கிறது. உறுப்பினர்கள் இரண்டு பேர். தலைவர் நான். செயலாளர், பொருளாளர், உறுப்பினர் எல்லாம் அதோ உட்கார்ந்திருக்கிறானே, தவசி. தவசிமுத்து. அவன் போய்விட்டால் கோரம் கிடையாது, அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை இருக்காது. கோரம் இல்லாவிட்டால் சங்கம் இல்லை. சங்கத்துக்காகத்தான் சொல்கிறேன், எனக்காக அல்ல.

அவன் திண்டுக்கல்லில் இறங்கப்போகிறானாம். மகள் வீட்டுக்கு. பத்து நாள் இருந்துவிட்டு வருவதற்கு அல்ல, ஒரேயடியாக. கோவில்பட்டி வீட்டைக் காலி பண்ணப்போகிறான். என்னிடம் சொல்லவில்லை, என்னோடுதான் பேசுவதில்லையே. மகளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். நான் ஒட்டுக்கேட்கிறவன் அல்ல. கக்கூசுக்குப் போகும்போது காதில் விழுந்தது. மூன்று தடவை போனேன், அதனால் முழுதாக விழுந்தது.

அவன் வீடும் என் வீடும் ஒரே சுவர். மில் லைன் வீடு. அவன் இருமினால் எனக்குக் கேட்கும், நான் பேசினால் அவனுக்குக் கேட்கும். சாயங்காலம் நாலரைக்கு டீக்கடை பெஞ்சில் நான் பேசுவேன், அவன் கேட்பான். நாற்பத்திரண்டு வருஷமாக. ஒருநாள்கூட ‘போதும்’ என்று சொன்னதில்லை. அப்படிப்பட்டவன் மூன்று நாளாக வாயைத் திறக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? சொல்லுங்கள். எனக்கு விளங்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் பயணம் என் யோசனை. குறைந்த செலவில் இந்தியாவைப் பார்ப்பது. முன்பதிவில்லாத பெட்டி, தர்மசத்திரம், ஆளுக்கு ஒரு பை. சும்மா ஊர் சுற்ற அல்ல. நாடு முழுவதும் மூடிக் கிடக்கிற மில்களின் வாசலைப் போய்ப் பார்ப்பது. பம்பாய், அகமதாபாத், கான்பூர், நாக்பூர். அங்கே ஒரு காலத்தில் நம் தோழர்கள் நின்றார்கள், ஒரு நிமிஷம் நாமும் நின்று முழக்கம் போட்டுவிட்டு வருவோம் என்றேன். தவசி, “தலைவரே, நம்ம மில்லுந்தான் மூடிக் கெடக்கு, அதையே பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம்” என்றான். அவனுக்குத் தொலைநோக்கு கிடையாது.

ஓட்டுக்கு விட்டேன். எதையும் ஓட்டுக்கு விடாமல் நான் செய்ததில்லை. என்னைச் சர்வாதிகாரி என்று ஒருவரும் சொல்ல முடியாது. நான் ஆதரவு, அவன் எதிர்ப்பு. ஒன்றுக்கு ஒன்று. சமமாக வந்தால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு, விதி எட்டு. ஆகவே இரண்டுக்கு ஒன்று. ஜனநாயகப்படி தீர்மானம் நிறைவேறியது.

புறப்படும் முன்னால் ஒப்பந்தம் போட்டோம். பதினோரு ஷரத்து. வாய்ப்பேச்சை நம்பக் கூடாது என்பது என் அனுபவம். ஷரத்து ஒன்று, ஜன்னல் ஓரம் யாருக்கு என்பதை அவ்வப்போது ஓட்டெடுத்து முடிவு செய்வது. ஆமாம், நான்தான் ஜன்னல் ஓரம். கோவில்பட்டியிலிருந்து ஜன்னல் ஓரம். ஒவ்வொரு தடவையும் முறையாக ஓட்டெடுத்தோம். ஷரத்து ஆறு, கோட்டை, அரண்மனை, கல்லறை எதற்குள்ளேயும் போவதில்லை, வெளியிலிருந்து மட்டும் பார்ப்பது. மன்னர்கள் கட்டிய எதற்கும் உழைப்பாளி டிக்கெட் எடுக்கக் கூடாது. அதில் தவசி ஒரே ஒரு திருத்தம் கேட்டான். ‘ஆக்ரா நீங்கலாக.’ அவன் கேட்ட ஒரே திருத்தம் அது. நான் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டேன். கையெழுத்தும் போட்டேன். அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், என் பெருந்தன்மையை.

பம்பாயில் மில் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம். உள்ளே கடை, கடை, கடை. புகைபோக்கியை மட்டும் அழகுக்காக விட்டுவைத்திருக்கிறார்கள். நான் புகைபோக்கியைப் பார்த்துக் கையை உயர்த்தினேன். “பஞ்சாலைத் தோழனே!” என்று ஆரம்பித்தேன். சீருடை போட்ட ஒரு பையன் ஓடிவந்து என் கையில் துண்டுப் பிரசுரம் ஒன்றைக் கொடுத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மண்ணில் இன்னும் இயக்கம் சாகவில்லை என்று தவசியிடம் சொன்னேன். பத்திரமாக மடித்துப் பையில் வைத்தேன். சூரத் தாண்டி ஒரு தமிழர் ஏறினார், அவரிடம் படித்துக் காட்டச் சொன்னேன். இரண்டு ஜட்டி வாங்கினால் ஒரு ஜட்டி இலவசமாம். தவசி சிரித்தான். அப்போது பேசிக்கொண்டுதான் இருந்தான்.

டெல்லியில் குருத்வாராவில் தங்கினோம். சீக்கியர்கள் கோயில். யார் போனாலும் சாப்பாடு, யார் என்ன என்று கேட்பதில்லை. ரொட்டி, பருப்பு, அப்புறம் ஒரு பாயசம். சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சாப்பிட்டுவிட்டுப் பின்பக்கம் போய்ப் பார்த்தால் முந்நூறு பேர் தட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். ஆண், பெண், நல்ல உத்தியோகத்தில் இருப்பவர்கள் எல்லாம். சம்பளம் எவ்வளவு என்று சைகையில் கேட்டேன். சம்பளம் கிடையாதாம். முந்நூறு பேர், சம்பளம் கிடையாது! நான் கை கட்டி நிற்க முடியுமா? ஒரு அண்டாவைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றேன். “உழைப்புக்கு ஊதியம் கொடு!” என்றேன். அவர்கள் ஒரு கணம் பார்த்தார்கள். ஒரு பெரியவர் கையை உயர்த்தி அவர்கள் முழக்கம் ஒன்றைச் சொன்னார். உடனே முந்நூறு பேரும் பதில் முழக்கம் போட்டார்கள் பாருங்கள், கட்டடம் அதிர்ந்தது. என் வாழ்நாளில் எனக்கு அப்படி ஒரு பதில் முழக்கம் கிடைத்ததில்லை. நான் மறுபடி சொன்னேன், அவர்கள் மறுபடி முழங்கினார்கள். ஆறு தடவை. பிறகு என்னை அன்பாக இறக்கிவிட்டு, கையில் ஒரு துணியைக் கொடுத்து, தட்டுத் துடைக்க உட்காரவைத்துவிட்டார்கள்.

தவசி அதற்கு முன்பே உட்கார்ந்து கழுவிக்கொண்டிருந்தான். முழங்கை வரைக்கும் நுரை. முகத்தில் ஒரு சிரிப்பு. “இன்னும் ஒருநா இங்கனயே இருப்பமா தலைவரே?” என்றான். ஓட்டுக்கு விட்டேன். இரண்டுக்கு ஒன்று. கிளம்பிவிட்டோம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இந்தியா முழுவதும் சுற்றி அவன் கற்றுக்கொண்ட இந்தி ஒரே ஒரு வாக்கியம். ‘பாய் சாப், மாஃப் கரோ.’ மன்னிச்சுக்கோங்க என்று அர்த்தமாம். நான் எங்கே நியாயம் கேட்டாலும் எனக்குப் பின்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டு இதைச் சொல்லிக்கொண்டே வருகிறான். பம்பாயில் சொன்னான். அகமதாபாத்தில் சொன்னான். குருத்வாராவில் அண்டாவைத் தூக்க வந்தவரிடம் சொன்னான். நான் முன்னால் போராடிக்கொண்டு போகிறேன், இவன் பின்னால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வருகிறான். என்ன கோழைத்தனம் பாருங்கள். எங்களை எங்கேயும் போலீஸ் பிடிக்கவில்லை என்றால் எங்கள் பக்கம் நியாயம் இருந்ததுதான் காரணம், இவன் கும்பிட்டதா காரணம்?

திருச்சி வந்துவிட்டது. தண்ணீர் பிடிக்க இறங்குகிறீர்களா? அப்படியே அவன் பாட்டிலையும் பிடித்துக் கொடுத்துவிடுங்கள், காலியாக இருக்கிறது. நான் பார்த்தேன். நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்.

வாங்கிக்கொண்டானா? ஒன்றும் சொல்லவில்லையா? சரி. உட்காருங்கள். ஆக்ராவைச் சொல்கிறேன். அங்கேதான் அவன் மாறினான்.

வியாழக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். தவசி ஆக்ரா ஸ்டேஷனிலேயே குழாயடியில் குளித்தான். சவரம் செய்துகொண்டான். பையிலிருந்து இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்தான். ஒரு மாதமாக அந்தச் சட்டை பையில் இருந்ததே எனக்குத் தெரியாது. என்னடா மாப்பிள்ளை மாதிரி என்றேன். சிரித்தான். வரிசையில் நின்றோம். அவனே எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டான். நான் ஒப்பந்தத்தை மதிக்கிறவன், ஒன்றும் சொல்லாமல் நின்றேன்.

எங்களுக்கு முன்னால் ஒரு சேலத்துக் குடும்பம். அவர்களுக்கு ஒரு வழிகாட்டி. அவன் என்னவோ சொல்ல, அந்த அம்மாள் பிள்ளைகளுக்குத் தமிழில் சொன்னாள். “இருபதாயிரம் பேர் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்து இதைக் கட்டினாங்களாம்டா.” அவ்வளவுதான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. இருபதாயிரம் பேர்! கட்டிய கொத்தனார் பெயர் ஒன்று தெரியுமா உங்களுக்கு? கல் சுமந்தவள் பெயர்? ராஜா பெயர் தெரியும், ராணி பெயர் தெரியும். நான் வரிசையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். “பெயர்ப் பலகை வை! இருபதாயிரம் பெயரும் வை! வைக்கும் வரை நகர மாட்டேன்!”

கோரிக்கை நியாயமா இல்லையா? சொல்லுங்கள். பார்த்தீர்களா, நீங்களே நியாயம் என்கிறீர்கள்.

காவலுக்கு நின்றவர்கள் வந்தார்கள். கைது செய்யுங்கள் என்று இரண்டு கையையும் நீட்டினேன். செய்யவில்லை. அவர்களில் ஒரு மலையாளி, வெயிலில் தரையில் உட்காராதீர்கள் என்று ஓரமாக அழைத்துப்போய் நாற்காலி போட்டார். டீ கொடுத்தார். நாற்பத்திரண்டு வருஷப் போராட்ட வாழ்க்கையில் எனக்கு நேர்ந்த பெரிய அவமானம் அந்த டீ. வழக்குப் போடுங்கள் என்றேன். பிஸ்கட் கொடுத்தார். விடுவேனா? கோரிக்கையை எழுதித்தான் கொடுப்பேன் என்று உட்கார்ந்து எழுதினேன். நான்கு பக்கம்.

தவசி வரிசையில் இருந்தான். அவனுக்கு முன்னால் ஏழு பேர்தான். அவன் வாசலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி வாசலைப் பார்த்தான். வரிசையை விட்டு வெளியே வந்தான். வந்து அந்த மலையாளியிடம் கையெடுத்துக் கும்பிட்டு, வழக்கம்போல, பாய் சாப், மாஃப் கரோ. மலையாளியிடம் எதற்கு இந்தி? அதைக்கூட யோசிக்கவில்லை. நான் நான்காம் பக்கம் முடிக்கும்வரை கும்பிட்டபடியே நின்றான். முடித்து நிமிர்ந்தால் வாசலைச் சாத்திவிட்டார்கள். பொழுது இறங்கினால் சாத்திவிடுவார்களாம். சரி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை தாஜ்மகாலுக்கு விடுமுறை. அது என் தப்பா? வெள்ளிக்கிழமையை நானா ஏற்படுத்தினேன்?

சனிக்கிழமை வரைக்கும் இருப்போமா என்று கேட்டான். மாதச் செயற்குழு திங்கட்கிழமை. செயற்குழுவைத் தள்ளிவைக்க முடியுமா? ஓட்டுக்கு விட்டேன். அவன் கை தூக்கவில்லை. ஆதரவுக்கும் தூக்கவில்லை, எதிர்ப்புக்கும் தூக்கவில்லை. ஆகவே ஒன்றுக்குப் பூஜ்யம். அன்றைக்கு நின்ற பேச்சுதான்.

என்ன கோரிக்கை என்று சொல்லாமல் இப்படிப் பேசாமலிருப்பது என்ன முறை? பதினான்கு நாள் முன்னறிவிப்பு எங்கே? மனு எங்கே? நான் எத்தனையோ பேச்சுவார்த்தை பார்த்தவன், எதிர்த்தரப்பு வாயையே திறக்காவிட்டால் நான் என்ன செய்வேன்? இட்டார்சியில் அவனுக்கு ஒரு மெமோ கொடுத்தேன். ‘தாங்கள் ஆக்ரா முதல் தலைவருடன் பேசாதிருப்பது ஒழுங்கீனமாகக் கருதப்படுகிறது. தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதற்கு எழுத்து மூலம் விளக்கம் தருக.’ வாசகம் என்னுடையதல்ல. மேனேஜர் எனக்கு முப்பத்திரண்டு மெமோ கொடுத்திருக்கிறார், அத்தனையும் மனப்பாடம். நல்ல வாசகம். தவசி அதைப் படித்தான். பொட்டலமாகச் சுருட்டி அதில் வேர்க்கடலை வாங்கித் தின்றான். நாக்பூரில் பையை எடுத்துக்கொண்டு அந்த வாசலுக்குப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு பல்லார்ஷாவில் நான் வேறொரு ஆளை ஏற்பாடு செய்துகொண்டேன். ராமேஸ்வரம் போகிற ஒரு பெரியவர். தவசி இடத்தில் அவரை உட்காரவைத்துப் பேசிப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டார், அப்புறம் சென்னையில் இறங்கிப் போய்விட்டார். தவசி அங்கிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். பார்த்து... என்ன சொன்னீர்கள்?

கருங்காலியா? நானா? அந்தப் பெரியவரா? பேச்சை நிறுத்தினவன் இடத்தில் வேறு ஆளை வைத்து... மெமோ கொடுத்து... இல்லை, இல்லை. நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள். வேலைநிறுத்தம் என்பது தொழிலாளி முதலாளிக்கு எதிராகச் செய்வது. எங்கள் இரண்டு பேரில் முதலாளி யார்? ஒருவரும் இல்லையே. ஒருவரும் இல்லை.

முறுக்குக்காரர் வருகிறார், மணப்பாறை வந்துவிட்டது. இரண்டு பொட்டலம் வாங்குங்கள். நேரம் குறைவு. உங்களிடம் இந்த மனுவைத் தருகிறேன், கொண்டுபோய்க் கொடுங்கள். ஏழு அம்சம். ஒன்று, செயலாளர் உடனே இருக்கைக்குத் திரும்ப வேண்டும். இரண்டு, வருத்தம் தெரிவிக்க வேண்டும். மற்றதெல்லாம் இதில் இருக்கிறது. ஏழில் நான்கு கிடைத்தால் ஒப்புக்கொள்வேன். அதைச் சொல்லாதீர்கள். முறுக்கையும் கொடுங்கள். மனுவோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள், இரண்டும் தனித்தனி.

*

வாருங்கள், உட்காருங்கள். என்ன சொன்னான்? அவன் சொன்ன மாதிரியே சொல்லுங்கள்.

முறுக்கை எடுத்துக்கொண்டான். மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டானா? படிக்கவே இல்லையா? இது என்ன? ரேஷன் கார்டு உறை. உள்ளே... ஓ, இந்தப் படமா! இது எனக்குத் தெரியுமே. தவசி கல்யாணப் படம். நான் நடத்திவைத்த கல்யாணம். ஐயர் இல்லை, மந்திரம் இல்லை. நான் ஒன்றே முக்கால் மணி நேரம் பேசி நடத்திவைத்தேன். மாலையைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார்கள் இரண்டு பேரும், மாலை வாடிவிட்டது. இது தவசி, மீசை முளைத்தும் முளைக்காமலும். இது வெள்ளத்தாய், அவன் சம்சாரம். தங்கமான பிள்ளை. போய் மூன்று வருஷம் ஆகிறது. நடுவில் நான். கக்கத்தில் துண்டுப் பிரசுரக் கட்டு. நன்றாக விழுந்திருக்கிறது இல்லையா? என் வீட்டிலும் இதைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

பின்னால் என்ன? பின்னால் ஒன்றும் இல்லை, ஸ்டுடியோ திரைச்சீலை. ஏதோ வரைந்திருப்பார்கள். எங்கே, கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறேன். என் தலைக்கு இந்தப் பக்கம் ஒரு தூண். அந்தப் பக்கம் ஒரு தூண். கொம்பு முளைத்த மாதிரி இருக்கிறது. தலைக்கு மேலே வெள்ளையாக ஒரு... தலைப்பாகை மாதிரி... உருண்டையாக...

தாஜ்மகால்.

நாற்பத்தோரு வருஷமாகச் சுவரில் பார்க்கிறேன். நான் என்னைத்தான் பார்த்திருக்கிறேன் போல.

அவன் வேறென்ன சொன்னான்? முழுதாகச் சொல்லுங்கள், இடையில் பேச மாட்டேன்.

ஆமாம். ஆமாம், படம் எடுக்கும்போது வெள்ளத்தாய் தவசி காதில் என்னவோ சொன்னாள், அவன் சிரித்தான். எனக்கு ஞாபகம் இருக்கிறது. கல்யாணப் பெண் வெட்கத்தில் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்து, சிரிக்காமல் நில்லுங்கள் என்று நான்தான் அதட்டினேன். இதைத்தான் சொன்னாளாமா? “தலைவரு செத்த தள்ளி நின்னா அந்த மகாலு தெரியும்ல.” தவசி அதற்கு, “விடு, நெசத்துக்கே கூட்டிட்டுப் போறேன்” என்றானாம்.

கூட்டிப்போகவில்லை. எங்கே கூட்டிப்போவான்? எழுபத்தொன்பது நாள் வேலைநிறுத்தம், அப்புறம் கதவடைப்பு, அப்புறம் வழக்கு, அப்புறம் மில்லே போய்விட்டது. ஒவ்வொன்றுக்கும் என் பக்கத்தில் நின்றான். எங்கள் போராட்டங்கள் எல்லாமே வெற்றிதான் தோழர், சிலது முதல் கட்ட வெற்றி. வெள்ளத்தாய் ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. என்னைப் பார்த்தால் காபி போடுவாள்.

அந்த வெள்ளைச் சட்டை... ஒரு மாதமாகப் பையில் மடிப்புக் கலையாமல் வைத்திருந்திருக்கிறான். இந்தப் படத்தையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் வரிசையில் நின்றிருக்கிறான். ஏழு பேர்தான் இருந்தார்கள் அவனுக்கு முன்னால்.

சொல்லியிருக்கலாமே! வாய் இருக்கிறதே! நான் என்ன மாட்டேன் என்றா சொல்லியிருப்பேன்? ஓட்டுக்கு... சரி, விடுங்கள்.

இது என்ன ஊர்? வையம்பட்டியா? நிற்காமல் போகிறதே. இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கும். தோழர், மன்னிக்க வேண்டும், இன்னொரு தடவை போக முடியுமா? ஏழு அம்சத்தையும் நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். புதிதாக ஒரே அம்சம். தையில் மறுபடி ஆக்ரா போவோம். சனிக்கிழமை போய் இறங்குவது மாதிரி. இந்தப் படத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போவோம். உண்மையான மகாலுக்கு முன்னால் அவன் இந்தப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கட்டும், ஒரு படம் எடுத்துக்கொள்வோம். போங்கள்.

*

என்ன? சம்மதமா? ஒரு நிபந்தனையா? சொல்லுங்கள்.

படத்தில் நான் இருக்கக் கூடாதாமா?

அது எப்படி? நடுவில் நிற்க மாட்டேன், அது புரிகிறது. ஓரமாக நிற்கிறேன் என்று சொல்லுங்களேன். அவனுக்கு இடது பக்கம், மூன்று அடி தள்ளி. அந்தப் பெரிய மகாலில் என்ன குறைந்துவிடும்? நீங்கள் போக வேண்டாம், இங்கிருந்தே சைகையில் கேளுங்கள். கேட்டீர்களா? தலையை ஆட்டுகிறான். இல்லை என்று ஆட்டுகிறான். பத்து அடி? இல்லையா? என் நிழல் மட்டுமாவது விழட்டும் என்று கேளுங்கள். சாயங்கால வெயிலில் நிழல் நீளமாக விழும், ஓரமாக ஒரு நிழல், யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும்...

சிரிக்கிறானா? உண்மையாகவா? எந்தப் பக்கம் பார்த்துச் சிரிக்கிறான்?

சரி. ஒப்புக்கொண்டேன். படத்தை எடுப்பவன் நான். எடுக்கிறவன் படத்தில் இருக்க முடியாது, அது நியாயம். யார் கேட்டாலும் இந்தப் படத்தை எடுத்தது யார் என்று சொல்லித்தானே ஆக வேண்டும்? அந்த அளவில் இது வெற்றிதான். முதல் கட்ட வெற்றி.

அப்புறம் ஏன் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறான்? ஒப்பந்தம் முடிந்துவிட்டதே. பையை ஏன் தோளில் மாட்டுகிறான்? வண்டி வேகம் குறைகிறது. வடமதுரை தாண்டிவிட்டோம் தோழர், அடுத்தது திண்டுக்கல்தான். என்ன சொன்னான்? இன்னும் ஏதோ சொன்னான், நீங்கள் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். உங்கள் முகத்திலேயே தெரிகிறது.

“ஆள் விட்டுக் கூப்பிட்டா வரமாட்டேன். ஆவுடை வந்து கூப்பிடட்டும்.”

ஆவுடை என்றா சொன்னான்? தலைவர் என்று சொல்லவில்லையா? நாற்பத்திரண்டு வருஷத்தில் அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என் அம்மா போன பிறகு என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருத்தரும் இல்லை.

ஆனால் ஒரு தலைவர் தானாக எழுந்து எதிர்த்தரப்பு இருக்கும் இடத்துக்குப் போவதா? முன்னுதாரணம் கிடையாதே. மேனேஜர்தான் வாசலுக்கு வருவார், நான் போனதில்லை. எழுபத்தொன்பதாவது நாள்கூட அவர்தான் வந்தார். வந்து, நின்று, என்னிடம்... அவருக்கும் அன்றைக்கு இப்படித்தான் இருந்திருக்குமோ, என்னவோ.

பிளாட்பாரம் வந்துவிட்டது. எழுந்து நிற்கிறான் பாருங்கள். வாசல் கம்பியைப் பிடித்துவிட்டான். அவன் மகள் வந்திருப்பாள், பேரப்பிள்ளையோடு நிற்பாள்.

கொஞ்சம் காலை ஒதுக்குங்கள் தோழர். நான் போகிறேன் என்று யார் சொன்னது? காற்று வாங்கப் போகிறேன். வாசலில் காற்று நன்றாக வரும். அந்தப் படத்தைக் கொடுங்கள், திருப்பிக் கொடுக்க வேண்டுமே. ஏய் தவசி! நில்லு! நில்லுலே, நான் வாரேன்! எங்கே, இந்த மூட்டையைக் கொஞ்சம்... வழி விடுங்கள் அம்மா, வழி விடுங்கள். மாஃப் கரோ, மாஃப் கரோ.

தோழர்! அந்த ஜன்னல் ஓரத்தில் துண்டைப் போட்டு வையுங்கள். யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அதற்கு ஆள் இருக்கிறது.